ஊசி வேண்டாம் என்ற குரல்

வானொலி அறிவிப்பாளருக்குத் தன் குரல்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. மருந்துப் பொடி வியாபாரி ஒருவர் காலை அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கியபோது, எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்துப் பதிவு செய்தாள். "சர்க்கரை நோயா? இனி ஊசி வேண்டாம். ஒரு ஸ்பூன் பொடி போதும்." படித்த கையோடு மறந்தும் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போனாள். தையல்கார அக்காவின் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது.

"அக்கா எங்க அண்ணே?"

"போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆச்சும்மா" என்றார் அக்காவின் புருஷன். "ஊசியை நிறுத்திட்டா. எவ்வளவோ சொன்னேன். 'நம்ம பொண்ணு ரேடியோல சொல்லுது, பொய்யா சொல்லும்?'னு என் வாயை அடைச்சிட்டா."

அவர் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் மேலாளர் முன் போய் நின்றாள். "அந்தப் பதிவை நிறுத்துங்க சார்."

"வருஷக் கடைசி வரைக்கும் ஒப்பந்தம்மா. எழுதினதைப் படிச்சே. உன் மேல என்ன தப்பு?"

செய்தி நேரத்தில், வாசிக்க வேண்டிய தாளை ஓரமாக வைத்தாள். "ஊசி வேண்டாம்னு சொன்னது நான்தான். அது பொய். டாக்டரைக் கேக்காம யாரும் நிறுத்தாதீங்க." திரும்பச் சொல்வதற்குள் ஒலி அறுந்தது. அன்றே வேலையும் போனது.

அந்தப் பதிவு மட்டும் நிற்கவில்லை. முடிதிருத்தும் கடை, பேருந்து, பக்கத்து வீட்டுச் சமையலறை என்று போகிற இடமெல்லாம் அவளுக்கு முன்பே அவள் குரல் போய் உட்கார்ந்திருந்தது. காதைப் பொத்தினாலும் உள்ளேயிருந்து பேசியது.

சைக்கிள் கடையிலும் அதுவே ஓடியது. "அதை நம்பாதீங்கண்ணே" என்றாள்.

"என் பொண்டாட்டி அந்தப் பொடிதான் சாப்பிடுறா. அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அந்தம்மா நான்தான்."

அழுது அழுது கரகரத்துப் போயிருந்தது தொண்டை. கடைக்காரர் சிரித்துவிட்டார். "அந்தக் குரல் எங்க, உங்க குரல் எங்க."

"அவங்களை ஒரு தடவை பாக்கணும்" என்றாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தாள். கடைசியாக ஊசி போட்டு நாலு நாளாம். அதற்குமேல் கடைக்காரரும் சிரிக்கவில்லை. இருவருமாக அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை, கையில் ஏறிய மருந்தோடு அந்தப் பெண் கண் திறந்தாள். "நீங்க யாருக்கா?"

கேட்டவளின் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். காவலாளியின் ரேடியோ பொடியைப் புகழ்ந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னாள்.

அவர் சத்தத்தை மட்டும் குறைத்தார்.