பத்து வருடத்துக்குப் பூட்டிய காடு

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த ஒரே ஆசை, பணக்காரர்களுக்கென்று ஒதுக்கிய முதலீட்டில் மூக்கை நுழைப்பது. நான் பிடித்து வைத்திருந்தது ஒரு காட்டு நிதி. மரம் வளர்த்து விற்று லாபம் தருவார்களாம். ஆனால் 'தகுதி பெற்ற முதலீட்டாளர்' என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பட்டத்துக்காகச் சட்டையைக் கண்ணாடியாகும்வரை இஸ்திரி போட்டேன்.

அந்த நிதி நிறுவனத்து அலுவலக சோபாவில் நான் உட்காரவில்லை. அது என்னை விழுங்கியது. மனைவி விவரமாக மர நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலோசகர் பெண் என் சொத்தைக் கூட்டிப் பார்த்தாள். "சார், குடியிருக்கிற வீடு கணக்குல வராது."

"அதைக் கழிச்சா நான் பிச்சைக்காரன்மா!"

"மேடமோட சேமிப்பையும் சேர்த்துப் போட்டா தகுதி வந்துடும்."

மனைவியைப் பார்த்துப் பல்லை இளித்தேன். பல் மருத்துவமனையில் வேலை பார்த்து அவள் சேர்த்த பணம் அது. தன் தங்கையின் சலவைக்கடையில் பங்கு சேர வைத்திருந்தாள். அங்கே பெரிய இயந்திரம் உயிரை விட்டுவிட்டது. புதிது வராவிட்டால் கடைக்கு மூடுவிழாதான்.

"நடுவுல அவசரம்னா எடுக்கலாமாம்மா?" என்று கேட்டாள் மனைவி.

"பத்து வருஷம் முடியாது மேடம். மரம் வளரணுமே."

"மரம் வளரும். இவரு?"

ஆலோசகர் பெண் சிரிப்பை மறைக்க இருமினாள்.

"நான் நூறைத் தாண்டுவேன்டி!"

"தாராளமா தாண்டுங்க. தங்கச்சி கடை இந்த மாசத்தைத் தாண்டாது."

குரல் உயரவில்லை. அவள் கத்தினால் நான் தூங்கிக்கூடப் போவேன். இப்படிப் பேசினால்தான் முதுகுத்தண்டு ஜில்லிடும்.

"ஏம்மா, பங்குச்சந்தைக்கு வராத தனியார் தொழில்ல பங்கு வாங்கறதும் உங்க வகையறாதானே?" என்று ஆலோசகரைக் கேட்டேன்.

"ஆமா சார். ஆனா ஒரே கடைன்னா ரிஸ்க் அதிகம்."

"ரிஸ்க்கா? என் மச்சினியை நீ பார்த்ததில்ல. கடன் வசூலிக்க வர்றவனே அவகிட்ட துணி வெளுக்கப் போட்டுட்டுப் போவான்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"என் பணத்தையும் அந்தக் கடையில சேர்த்துப் போட்டுக்கோ."

மச்சினி கடையில் புது இயந்திரம் வந்து இறங்கியது. யானைக்குட்டியையே குளிப்பாட்டலாம், அத்தனை பெரிசு. முதலாளித் தோரணையில் நாற்காலி தேடினேன். மச்சினி ஓர் ஓட்டல் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் திணித்தாள்.

"பங்குதாரர்னா சும்மா உக்காரலாம்னு யாரு மாமா சொன்னா? நல்லா இழுத்துப் பிடிங்க!"

கப்பலுக்குப் பாய் கட்டுகிற அளவு விரிப்பு. இழுத்துப் பிடித்தேன். எதிர்முனையில் மனைவி.