பன்னிரண்டாவது பேட்டரி

சூட்டுப் பெட்டியின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். பன்னிரண்டாவது பேட்டரி இன்னும் உயிரோடுதான் இருந்தது. செல்போன் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு இதுதான் வேலை: பேட்டரிகளைச் சூட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எப்போது சாகின்றன என்று பார்ப்பது. மூன்று வருடத்தில் பதினொன்று எதிர்பார்த்தபடியே செத்துவிட்டன. இது மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. "உன் கடைக்குட்டி எப்படி இருக்கா?" என்று கணவன் தினமும் சாயங்காலம் விசாரிப்பான்.

அன்று தயாரிப்புப் பிரிவு மேலாளர் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி தனக்கு வேண்டும், புது போனின் சோதனை காத்திருக்கிறது என்றார். பதினொன்றின் முடிவே போதும், இதை நிறுத்திவிடலாமாம். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் நிறுத்திவிட்டால், அது ஏன் சாகவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பேட்டரிகளை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துத் திருகாணி முடுக்கிய அந்த முதல் நாளில், கடைசிப் பேட்டரியை முடுக்கி முடித்தபோது அக்காவுக்குப் பெண் பிறந்த செய்தி வந்தது. வெளியே ஓடிப் பேசிவிட்டு, பூரித்த முகத்தோடு திரும்பி வந்தவள், முடுக்கியதை மறந்து மறுபடி முடுக்கியிருக்கிறாள். அந்தக் கூடுதல் இறுக்கம்தான் அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறதோ? பதிவேட்டில் அது இல்லை. இப்போது சொன்னால் மூன்று வருட வேலையையே சந்தேகப்படுவார்கள்.

பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள். மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப தப்பு பண்ணியிருக்கீங்க."

"ஆமா சார். அதே தப்ப இன்னும் பதினொண்ணுல பண்ணிப் பாக்கணும். அதுக்குத்தான் பெட்டி கேக்குறேன்."

"நல்லா இருக்கும்மா உங்க நியாயம். எங்க பக்கம் தப்பு பண்ணா சீட்டு கிழியும். உங்களுக்குப் பெட்டி தரணுமா?"

அவர் எழுந்து போய்க் கண்ணாடி வழியே தட்டுகளைப் பார்த்தார்.

"எங்க தப்பு கடை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும். நீங்க இங்கயே பண்ணித் தொலைங்க. மேல் தட்டு ரெண்டும் எனக்கு, அடித்தட்டு உங்களுக்கு. மொதல்ல அதப் பதிவேட்டுல எழுதுங்க."

வெள்ளிக்கிழமை காலை மேல் தட்டுகளில் புது போன்கள் ஏறின. அவள் மேசையில் பதினொரு புதிய பேட்டரிகளைப் பரப்பி, முதல் திருகாணியை முடுக்கினாள். அளவோடு நின்றது. அதற்குமேல் திருகக் கை கூசியது. பதினைந்து வருடப் பழக்கம். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொரு சுற்று கொடுத்தாள்.