இரண்டாவது கை

மெஸ்கல் ஃப்ளாட் என்ற எங்கள் ஊரின் துப்பறியும் சங்கத்தில் ஒரு காலத்தில் நாங்கள் நாலு பேர். செம்புச் சுரங்கத்தை இழுத்து மூடியதும் டோரி குடும்பம் யூட்டாவுக்குக் கிளம்பியது. அமோஸும் அவன் அண்ணனும் டூசானுக்குப் போனார்கள். இப்போது சங்கத்தில் ஒன்றரை ஆள். ஒன்று நான். அரை, ஓட்டிஸ். ஆறு வயது, முன்பல் இல்லை, ரகசியம் அவன் வாயில் மத்தியானம் வரைகூடத் தங்காது. ஆளில்லாத குறைக்கு அவனைச் சேர்த்துக்கொண்டேன்.

பழைய வழக்குகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சபை விருந்துக்குச் செய்து வைத்த பூசணிப் பணியாரத்தைத் தின்றது காட்டுப்பன்றி. சபை வாசல் பலகையிலிருந்து எழுத்துகளைத் திருடியது காற்று. எங்கள் ஊரில் குற்றவாளிகளே கிடையாது. ஆட்களே கிடையாது என்றும் சொல்லலாம். தெருவில் நின்று பார்த்தால் கள்ளிச்செடிகள்தான் ஜனத்தொகை மாதிரி தெரியும்.

ஆனால் இந்த வழக்கு வேறு. இதில் எனக்கே ஒரு பங்கு இருந்தது. அதை ஓட்டிஸிடம் சொல்லவில்லை.

என் அப்பாதான் எங்கள் சபையின் பாஸ்டர். ஞாயிறு மாலை ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

“எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்கோங்க. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். மனசு தாங்க முடியாம யாராவது இருந்தா கையை மட்டும் தூக்குங்க. கர்த்தரும் நானும் மட்டுந்தான் பாப்போம்.”

ஓட்டிஸின் அம்மா ஃபெர்ன் சிஸ்டர் ஆர்கனில் மெதுவாக ஒரு பாட்டை இழுப்பார். கூரையிலிருக்கும் கூலர் கடகடக்கும். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்து, “ஒரு கையைப் பாக்கறேன். இறக்கிடலாம்” என்பார். பிறகு அந்தக் கைக்காக ஜெபிப்பார். யாருடைய கை என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. அதுதான் சபையின் வழக்கம்.

அந்தக் கை என்னுடையது. அம்மா போன குளிர்காலத்தில் இறந்தாள். வெயில் ஏறத் தொடங்கிய மாதத்திலிருந்து நான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்குவேன். “ஒரு கையைப் பாக்கறேன்” என்று கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகும். வாரத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிறு அப்பா, “ரெண்டு கையைப் பாக்கறேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலைவனத்து ஓரத்தில் கிடக்கிற இந்தச் சபையில், என்னைப் போலவே இன்னொரு ஆள். அடுத்த வாரமும் ரெண்டு. அதற்கு அடுத்த வாரமும்.

அது யார் என்று கண்டுபிடித்தே தீருவதென்று முடிவு செய்தேன். உண்மையை ஒத்துக்கொள்கிறேன், வழக்குக்காக இல்லை. அந்த ஆளைக் கண்டுபிடித்தால் பக்கத்தில் போய் உட்காரலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மனசுக்குள் ஒரு பெயரையும் வைத்திருந்தேன். ரெனாட்டா. புதிதாக வந்தவள், என் வயது. தன் சித்தியோடு மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள், யாரோடும் பேசமாட்டாள். நிச்சயம் அவள்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுக்குச் சங்கத்தில் என்ன பதவி கொடுக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் வழக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அது பாவம். பாஸ்டர் மகள் அதைச் செய்யக் கூடாது. ஓட்டிஸுக்கு ஆறு வயது. விவரம் தெரியாத வயதுப் பிள்ளைகளிடம் தேவன் கணக்குக் கேட்க மாட்டார் என்று அப்பாவே பிரசங்கித்திருக்கிறார். எனவே அவன் கண்ணைத் திறக்கலாம் என்று தீர்ப்பளித்தேன்.

முதல் முயற்சியில் பயல் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்து போனான்.

“என்னடா பாத்த?” என்றேன் வெளியே வந்ததும்.

“எல்லாரும் ஷூ போட்டிருக்காங்க. பிரதர் வெர்ல் மட்டும் ஒண்ணைக் கழட்டி வச்சிருக்காரு. சாக்ஸ்ல ஓட்டை.”

“கையைத்தானேடா பாக்கச் சொன்னேன், காலையா பாக்கச் சொன்னேன்?”

“கீழ இருந்து கை தெரியல. நீ சொல்லவே இல்லையே.”

அடுத்த வாரம் அவனைப் பெஞ்சின் மேலேயே நிற்கச் சொன்னேன். அன்றைக்கு நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் அவன் பார்த்துவிடுவான், திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஒரு கையைப் பாக்கறேன்” என்றார் அப்பா.

அப்படியானால் அந்த இன்னொரு ஆள் நிஜம். ஆராதனை முடிந்ததும் ஓட்டிஸை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன்.

“யாரு?”

“யாருமே இல்ல.”

“ஒழுங்கா சொல்லு.”

“சத்தியமா. பிரதர் வெர்ல் தூங்கறாரு. எங்கம்மா ஆர்கன் வாசிக்கிறாங்க. ரெனாட்டா நகத்தைக் கடிச்சிக்கிட்டு இருக்கா. அவ சித்தி பையில மிட்டாய் தேடறாங்க. மத்தவங்க எல்லாம் குனிஞ்சு கிடக்காங்க. உங்கப்பா பாஸ்டர் மாதிரி நின்னுக்கிட்டு இருக்காரு. ஒருத்தரும் கையைத் தூக்கல.”

ரெனாட்டா போனாள். அவளுக்காக வைத்திருந்த பதவியும் போனது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. தூக்காத கையை அப்பா பார்த்ததாகச் சொன்னார். என் அப்பா பொய் சொல்ல மாட்டார். ‘நல்லா இருக்கீங்களா’ என்று யாராவது கேட்டால்கூட, நல்லா இருந்தால்தான் நல்லா இருக்கேன் என்பார், இல்லாவிட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார். அப்படிப்பட்டவர் கூட்டத்துக்கு உற்சாகம் வரட்டும் என்று கணக்கை ஏற்றிச் சொல்கிறாரோ? அப்படியென்றால் என் கையையாவது பார்த்தாரா? இத்தனை வாரமாக நான் வெறுங்காற்றில்தான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேனா?

அந்த வாரம் முழுக்க அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. சபைக்குப் பின்னால் எங்கள் வீடு, சரளைக் கல்லைத் தாண்டினால் வாசல். சாயங்காலம் வருவார், பீன்ஸை அடுப்பில் வைப்பார், “கோழிக்கூட்டை மூடினியா?” என்பார். மூடினேன் என்பேன். சாப்பிடுவோம். ரேடியோவில் வானிலை சொல்வார்கள். மழை இல்லை என்பார்கள். தட்டைக் கழுவிவிட்டுப் படுக்கப் போவோம்.

ஞாயிறு வந்தது. “கண்ணை மூடிக்கோங்க” என்றார் அப்பா. மூடினேன். கையைத் தூக்கினேன். பிறகு, வருவது வரட்டும் என்று கண்ணைத் திறந்தேன்.

முன்னால் எல்லாம் முதுகுகள், குனிந்த தலைகள். ஒரு கையும் இல்லை. அப்பா நேராக என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்திருப்பதைக் கவனிக்கவில்லை. பிறகு தன் கண்ணை மூடினார். வலது கையை மெல்லத் தூக்கினார்.

ஜெபத்தில் இரண்டு கையையும் விரித்துத் தூக்குவாரே, அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பையன் வெளியே போக அனுமதி கேட்கிற மாதிரி, காதோரமாக, பாதி மடங்கிய கை. ஓட்டிஸ் இதைப் பார்த்தும், பாஸ்டர் கைதானே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறான். சட்டைக்கை முனையில் பொத்தான் இல்லை. அம்மா இருந்தால் தைத்திருப்பாள்.

“ரெண்டு கையைப் பாக்கறேன்” என்றார். குரல் எப்போதும் போல்தான் இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகை வந்தது, கூலர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேர். இவரைத் தேடித்தானா ஒரு பொடியனைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினேன்? அழுகையோடு கோபமும் வந்தது.

வீட்டுக்கு வந்தோம். பீன்ஸ் கொதித்தது. சோள ரொட்டியை வெட்டினார்.

“கோழிக்கூட்டை மூடினியா?”

“மூடல. அந்த ரெண்டாவது கை உங்களோடது.”

கத்தி நின்றது. “கண்ணைத் திறந்தியா?”

“திறந்தேன். திட்டறதுன்னா திட்டுங்க. என் கையை எப்பலேர்ந்து பாக்கறீங்க?”

“முதல் வாரத்துலேர்ந்து.”

“பாத்துட்டு வீட்டுக்கு வந்து கோழியைப் பத்திக் கேட்டீங்க.”

அப்பா உட்கார்ந்தார். “அங்க பாத்ததை வெளிய பேசக் கூடாது திர்சா. ஒரு தடவை பேசிட்டா அப்புறம் எவனும் கையைத் தூக்க மாட்டான். நீயும் தூக்க மாட்ட. அந்தப் பயம்தான்.”

“நான் வெளியாளாப்பா?”

ரொட்டித் துண்டை எடுத்தார், திரும்ப வைத்தார். ரேடியோ தானாகப் பேசிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைத்தார்.

“சரி, எதுக்குக் கையைத் தூக்கின?” என்றார்.

“முதல்ல நீங்க சொல்லுங்க.”

மேஜையில் சிந்தியிருந்த ரொட்டித் தூளைக் கையால் ஒதுக்கிக் குவித்தார். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

“சனிக்கிழமை பிரசங்கத்தை உங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவேன். இங்க தூக்கம் வருது, இங்க அலட்டறீங்கன்னு சொல்லுவா. இப்ப நானே எழுதி நானே வாசிக்கிறேன். எந்த எடம் மோசம்னு தெரியல. அந்த மேடையில ஏறவே பயமா இருக்கு.”

“என்கிட்ட வாசிங்க. தூக்கம் வர்ற எடத்தை நான் சொல்றேன்.”

“நெறைய இருக்குமே.”

“எனக்குத் தெரியாதா?”

அவர் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு, “இப்ப நீ” என்றார்.

எத்தனையோ வாரமாக உள்ளே வைத்திருந்தது, வாய்க்கு வந்தபோது ரொம்பச் சின்னதாக இருந்தது.

“அம்மா கர்த்தர்கிட்ட போயிட்டா, சந்தோஷப்படுன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. என்னால முடியலப்பா.”

அப்பா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னாலயும் முடியல” என்றார்.