தோளுக்கும் காதுக்கும் நடுவில்

அக்காவுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். சீருடைத் துணிகள் மலையாகக் குவிந்து கிடக்க, தையல்காரிக்குக் கை ஓடவில்லை என்றால் பிழைப்பு என்னாவது? தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் தங்கைதான் லீவு போட்டு, இழுக்காத குறையாகப் பிசியோதெரபிக்குக் கூட்டி வந்தாள். வருகிற வழியெல்லாம், "நான் இல்லேன்னா உன்னை யாருக்கா பார்ப்பா?" என்று பெருமை வேறு.

"ஷாக்வேவ்னா கரண்ட் வைப்பீங்களா?" அக்காவுக்கு ஒரே உதறல்.

"கரண்ட் இல்லம்மா, வெறும் அதிர்வு. தட்டித் தட்டி, முடிச்சு விழுந்த தசையை இளக்கும்," என்றாள் தெரபிஸ்ட்.

முதலில் கட்டைவிரலால் தடவித் தேடினாள். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் ஒரு அழுத்து அழுத்தினாள். "அம்மாடி!" என்று அலறிய அக்காவின் கை, தோளுக்குப் போகாமல் நெற்றிப்பொட்டுக்குப் போனது.

"தோளைத் தொட்டா தலையில வலிக்குதே!"

"இந்த முடிச்சோட வேலையே அதான். இங்க உக்காந்துக்கிட்டு அங்க வலிக்க வைக்கும். அடிக்கடி தலைவலி வருமே?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வரும், வரும். இதோ நிக்கிறாளே, இவ பேரே அதான்."

உண்மைதான். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு வீட்டில் 'தலைவலி' என்றுதான் பேர். அக்காவின் போனிலும் அப்படித்தான் இருக்கிறது. தங்கையும் சேர்ந்து சிரித்தாள்.

"போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுப் பேசுவீங்களா?"

தங்கையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எப்பவாவது," என்றாள் அக்கா. "வாடிக்கைக்காரங்க கூப்பிட்டா."

பச்சைப் பொய். வாடிக்கைக்காரர்கள் அளவைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். தினமும் ஆபீஸ் விட்டதும் கூப்பிட்டு, மேனேஜர் முறைத்தது, மாமியார் முணுமுணுத்தது, புருஷன் ஒன்றுமே சொல்லாமல் இருந்தது என்று ஒன்று விடாமல் கொட்டுகிறவள் யாராம்? பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடுவது கேட்கும். ரெண்டு கையும் துணியில் இருக்கிறவள் போனை எதால் பிடித்திருக்கிறாள் என்று இந்த மகராசி ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருதடவை அக்கா, "தலை வலிக்குதுடி, நாளைக்குப் பேசலாமா?" என்று கேட்டபோது, "தலைவலிகிட்டயே தலைவலியா?" என்று ஜோக்கடித்துவிட்டு மேலே பேசிக்கொண்டே போனாள். நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது இப்போது தங்கைக்கு.

'நான்தாங்க அது' என்று சொல்லிவிட வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. வாய் திறக்கவில்லை.

தெரபிஸ்ட் தோளில் ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி இருந்த கருவியை வைத்து அழுத்தினாள். டடடடவென்று அது அடித்தது.

"என் மெஷின் சத்தம் மாதிரியே இருக்கு," என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தாங்க முடியலேன்னா சொல்லுங்க, குறைக்கறேன்."

"பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' தங்கைக்குத் தெரிந்ததுதான். 'வேலையா இருக்கியாக்கா?' என்று பேச்சுக்குக் கேட்டால் போனில் வருமே, அதேதான். அக்காவின் கண்ணோரம் தண்ணீர் வழிந்ததைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிளம்பும்போது தெரபிஸ்ட், "இன்னும் சில தடவை வரணும். ஆனா போனை இடுக்கறதை விடலேன்னா முடிச்சு திரும்ப விழும்," என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தங்கை கூப்பிடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அதுவாகவே அடித்தது.

"ஏண்டி கூப்பிடல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பின்னால் சத்தமே இல்லை. "மெஷின் ஓடலியாக்கா?"

"நிறுத்திட்டேன். கையிலதான் பிடிச்சிருக்கேன், பயப்படாதே. சொல்லு, மாமியார் என்ன சொன்னாங்க?"

"அந்த முடிச்சு என்னாலதான்க்கா. அங்கயே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"அட போடி. எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு நான் பேசல. நீ பேசு."

"நானா? நான் என்னத்தச் சொல்ல?"

"உனக்கு என்ன கஷ்டமோ, அதைச் சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலடி," என்றாள் அக்கா கடைசியில். "சொல்லிப் பழக்கமே இல்லையே."