வாயாடிக்குப் போட்ட ஆப்சென்ட்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். விஷயம் தெரிந்ததும் சிவப்புப் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அடித்தது போக மிஞ்சியதைத்தான் படிக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: வானம் இருண்டு, துப்பாக்கிகள் முழங்க...

"அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சுடா."

சரி. வெயிலில், காலை பத்து மணிக்கு, துப்பாக்கியோடு நாலு பேர் பள்ளிக்குள் புகுந்தார்கள். [அவர்களுடைய கோரிக்கை பற்றி ஒரு பத்தி இருந்தது. "அவனுங்களுக்கு எதுக்கு இவ்ளோ இடம்?" என்று கோடு போட்டுவிட்டாள்.]

வராந்தாவில் சத்தம் கேட்டதும் அக்கா, கைக்கு எட்டிய ஒரே பிள்ளையை அலமாரிக்குள் தள்ளினாள். அது வாயாடி. ஓயாமல் பேசுவதால் டீச்சர் மேசையருகே நிரந்தர இடம் பெற்றவள்.

"நானே வந்து திறக்கற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். பதிவேட்டில் வாயாடிக்கு ஆப்சென்ட் போட்டாள். வந்தவன் பதிவேட்டை வைத்துத் தலைகளை எண்ணினான். முப்பத்தொன்று. சரியாக இருந்தது.

3

[இங்கே அக்காவை வீராங்கனையாக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பத்துக்கு மூன்று போட்டாள்.]

மாலையில் போலீஸ் புகைக்குண்டு வீசி எல்லோரையும் மீட்டது. புகையில் மயங்கிய அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போலீஸும் அதே பதிவேட்டை வைத்துத்தான் எண்ணியது. முப்பத்தொன்று. கேட்டில் கதறிய வாயாடியின் அம்மாவிடம், "உங்க பொண்ணு இன்னிக்கு வரவே இல்லம்மா" என்று அதைக் காட்டினார்கள்.

யாராவது இருக்கிறீர்களா என்று போலீஸ் அறையறையாகக் கூப்பிட்டது வாயாடிக்கும் கேட்டிருக்கிறது. டீச்சர் குரல் இல்லையே. அக்காவுக்கு நினைவு திரும்பி, ஓடி வந்து பூட்டைத் திறக்கும்வரை, இன்னும் இரண்டு மணி நேரம், வாயைத் திறக்கவில்லை.

4

பள்ளி மறுபடி திறந்து மூன்று வாரம். வாயாடி வருகிறாள், எழுதுகிறாள், யாரோடும் பேசுவதில்லை.

"வருஷம் பூரா வாய மூடு, வாய மூடுன்னேன்டா. இப்ப..."

[இதை அக்கா முடிக்கவில்லை. எனக்கும் முடிக்க மனம் வரவில்லை.]

முடிவு அ: வாயாடி "உள்ளேன் டீச்சர்" என்கிறாள். வகுப்பே கைதட்டுகிறது. ("சினிமாவா எடுக்கற?")

முடிவு ஆ: அவள் பேசவே இல்லை. (அக்கா பேனாவை மூடிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.)

5

பதிவேட்டில் வாயாடியின் கட்டங்கள் மூன்று வாரமாகக் காலி. ஹெட்மாஸ்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"கண்ணு முன்னாடிதான உக்காந்திருக்கா? ஒரு டிக் போட்டா என்ன டீச்சர்?"

"கண்ணு முன்னாடி இருந்தவளுக்குத்தான் சார் ஆப்சென்ட் போட்டேன். இனிமே அவ சொல்லாம எதுவும் போட மாட்டேன்."

தினமும் அந்தப் பேர் வந்ததும் அக்கா நிறுத்துகிறாள். சந்தைக்கடை போல இரைகிற முப்பத்தொரு பேரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். இன்று காலையும் கூப்பிட்டாள். வாயாடி எழுந்து நின்றாள். அவள் உதடு...

அக்கா என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அவ சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லாத."

ஆகவே நானும் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறேன். தள்ளி உட்கார்ந்தால் உங்களுக்கும் இடமிருக்கிறது. சத்தம் மட்டும் வேண்டாம். பேரைக் கூப்பிட்டாயிற்று.