மழை என்று சொன்னேன்

...நாலு வரிசைதான் பாக்கி என்று சொன்னது நான்தானே, யாரும் என் வாயில் வார்த்தையைத் திணிக்கவில்லையே, "நாலு வரிசை இருக்கும்மா, முடிச்சதும் வந்துடறேன்" என்று சாப்பாட்டு இடைவேளையில் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து போனில் அம்மாவிடம் சொன்னேன், தோட்டத்தில் எங்களுக்கு நாள் கணக்குக் கிடையாது, எல்லாம் மர வரிசைக் கணக்கு, படுக்கையில் கிடக்கிறவளுக்கு அது எப்படிப் புரியும், வரிசைன்னா எத்தனை நாளுடி என்று மூச்சு வாங்கக் கேட்டாள், மழை இல்லேன்னா மூணு நாள் என்றேன்... இந்தப் பையின் வார் வேறு தோளை அறுக்கிறது, இறக்கி வைத்தால் மறுபடி தூக்க மனசு வராது. ஆப்பிள் முடிந்தது, திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள், அதுவரை படுக்க ஒரு கூடாரம், தின்ன ரொட்டி, நடக்க இந்த மண்பாதை. இரண்டு பக்கமும் உழுது போட்ட வயல், ஈ காக்கை இல்லை. போன வருஷம் இதே பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா என்னைத் திட்டுவாள், அதையே பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள். அவள் போய்ப் பத்து நாள் ஆகிறது.

மழை பெய்யவில்லை, அதுதான் விஷயம். ஒரு தூறல்கூட இல்லை, வெயில் பல்லைக் காட்டியது, மூன்றே நாளில் நாலு வரிசையும் முடிந்தது. நிறம் ஏறாத காய்களை மரத்திலேயே விட்டுவைத்து இரண்டாம் சுற்றில் பறிப்பார்கள், அதற்கு இன்னும் ஒரு வாரம் யார் இருக்கிறீர்கள், போகிறவர்கள் போகலாம் என்றார் மேஸ்திரி. கை தூக்கினேன். யார் கேட்டார்கள் என்னை? பணத்தேவையா? ஒரு மண்ணும் இல்லை. பயம். எலும்பும் தோலுமாக, என்னைத் திட்டக்கூடத் தெம்பில்லாமல் அவள் கிடப்பதைப் பார்க்கப் பயம், வேறென்ன... அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டு, "இங்க விடாம மழைடா" என்றேன். சரிக்கா, பாத்து வா என்றான் அந்த அப்பாவி. அதிலிருந்து ஐந்தாம் நாள், காம்பு உடையாமல் பழத்தைத் திருகிக்கொண்டிருந்தேன், அம்மா போய்விட்டாள். நீ வந்து சேர ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் வச்சிருக்க முடியாதுக்கா என்று எல்லாவற்றையும் அவனே முடித்துவிட்டான். கண்ணை வாசலிலேயே வைத்துக்கொண்டு போயிருப்பாள் பாவி, இந்தக் கழுதை வரும் வரும் என்று... பத்து நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை. பாதை வளைகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது, அதன் மேல் பையைப் போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். இதைச் சொல்லாமல் இனி ஒரு வாய் ரொட்டி இறங்காது.

"டேய், அன்னைக்கு இங்க மழையே பெய்யலடா."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"அங்க மழை விட்டுச்சா பாருடா, போன்ல பாருடான்னு அம்மா ஒரே நச்சரிப்பு. வெயில்னுதான் காட்டுச்சு. நான் உன்னைக் காட்டிக்கொடுக்கல, மழைன்னே சொல்லிட்டேன். மறுநாள் போனை வாங்கி அவளே பாத்துட்டா."

மதகில் உட்கார்ந்துவிட்டேன். "என்னடா சொன்னா?"

"போன் தப்பா காட்டுதுடா, அவ தோட்டத்துல மட்டும் பெய்யுதோ என்னவோன்னா. அப்புறம் மழையைப் பத்திக் கேக்கவே இல்லக்கா. சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

எத்தனை நாள் அப்படி இருந்தாள் என்று கேட்டேன். மூணு நாள் என்றான். அக்கா, இருக்கியா, அழறியா என்று கேட்டுக்கொண்டே இருந்தான், நான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்... அப்படியென்றால் அவள் கண் வாசலில் இல்லை, எனக்காகக் காத்துக்கொண்டு போகவில்லை, நான் வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் அந்த மூன்று நாளும் இருந்திருக்கிறாள்.