மண்டியிட்ட கிட்டங்கி

1934ஆம் வருஷம் மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில், போடிநாயக்கனூரில் ஞானபாக்கியம் அம்மாளின் ஏலக்காய்க் கிட்டங்கி, ஒச்சாண்டி உள்ளே வருவதற்காக இரண்டு முழம் தரைக்குள் இறங்கியது. அன்று முதல்தரக் காயின் விலை போன வாரத்தைவிடச் சற்று ஏறியிருந்தது. கட்டடம் இறங்கும்போது சுளகுகளில் இருந்த ஒரு காய்கூட உருளவில்லை. தண்ணீர்ப் பானை தளும்பவில்லை. ஒச்சாண்டி இரண்டு கைகளிலும் மரக்கட்டைகளைப் பிடித்து ஊன்றி நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனதும், கிட்டங்கி மெதுவாக எழுந்து பழைய உயரத்துக்கு வந்து நின்றது.

ஒச்சாண்டிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. இரண்டு வருஷமாக அவன் கடைத்தெருவில் வேலை கேட்டுவந்தான். வியாபாரிகள் நல்லவர்கள், தெய்வ பயம் உள்ளவர்கள். வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே வாழைத்தார் தொங்கவிட்டிருப்பார்கள். அவன் வேலை வேண்டும் என்றால் ஒரு பழம் கொடுத்தார்கள். பழம் வேண்டாம் என்றால், போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டாகக் கொடுத்தார்கள். அவன் அக்காள் புருஷன் சுருளியாண்டியும் கெட்டவரல்ல. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வரும்போது, கோயிலுக்குப் போகிற வழியில் மச்சினனைப் பாய் விரித்து உட்காரவைத்தால் வயிற்றுப்பாட்டுக்கு ஆகும் என்று முடிவு செய்து, பாயும் வாங்கிவிட்டார். அந்தப் பாயைப் பார்த்த நாளிலிருந்து ஒச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷன் இறந்தபின் கிட்டங்கியைத் தானே நடத்திவந்த ஞானபாக்கியம் அம்மாளிடம் அவன் வந்தபோது, அவர் பழம் எடுக்கவில்லை. “ஏம்ப்பா, வேலை செய்றதுக்கு உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். இதுவரை ஒருவரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் வந்து பதில் சொன்னான். “உள்ள வர வழி வேணும்மா. மத்ததெல்லாம் கையில இருக்கு.”

அது உண்மைதான். ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்குவது உட்கார்ந்து செய்கிற வேலை. நன்றாக நடக்கத் தெரிந்த முப்பத்திரண்டு பெண்களும் அங்கே பொழுதெல்லாம் உட்கார்ந்தேதான் இருந்தார்கள். ஆனால் மூட்டைகளை நேராக வண்டியில் ஏற்றுவதற்காகக் கிட்டங்கியை வண்டி உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். நான்கு செங்குத்தான படிகள். பலகையில் சாய்வுப் பாதை போடச் சொன்னதற்கு, ஆசாரி புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். கட்டடம் புதன்கிழமைவரை காத்திருக்கவில்லை.

மேஸ்திரி சங்கரலிங்கம் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, கட்டடம் மண்டி போடுகிறது என்றார். “நான் தெனமும்தான் மண்டி போட்டு செபம் பண்ணுறேன். அது ஒரு நாள் போட்டா என்னவாம்?” என்றார் ஞானபாக்கியம் அம்மாள். இருந்தாலும் மேஸ்திரியின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, பங்குனி முடிவதற்குள் மற்றவர்களைப் போல ஒச்சாண்டியும் நாளொன்றுக்கு நான்கு சுளகு பொறுக்க வேண்டும், முடியாவிட்டால் வேலை இல்லை என்று பேசி வைத்தார்.

முதல் வாரம் ஒன்றரைச் சுளகுக்கு மேல் அவனால் முடியவில்லை. பக்கத்தில் இருந்த மொக்கம்மாள் வாய்த்துடுக்குக்காரி. “ஏலே, வெடிச்ச காயையும் உருண்டைக் காயையும் ஒண்ணாச் சேத்து வச்சிருக்கியே, ரெண்டுக்கும் கல்யாணமா?” என்பாள். “நீதான் ஆத்தா தாலி எடுத்துக் குடுக்கணும்” என்பான் அவன். சிரித்தபடியே, உள்ளங்கையில் காயை உருட்டிப் பார்க்கிற விதத்தைக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் வாரம் மூன்று சுளகு. பங்குனி பிறந்தபோது மூன்றரை. கிட்டங்கி தினமும் காலையிலும் மாலையிலும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

சங்கரலிங்கத்துக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. என்றைக்காவது சுவர் விழுந்து முப்பத்திரண்டு பெண்களும் நசுங்கிவிடுவார்கள் என்று பயந்தார். பங்குனிக் கடைசியில், ஞானபாக்கியம் அம்மாள் பெரியகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, கொத்தனாரை அழைத்து அஸ்திவாரத்தைச் சுற்றிலும் கருங்கல்லை இறுக்கி அடிக்கச் சொன்னார். திங்கட்கிழமை, அம்மாள் ஊர் திரும்புவதற்கு முன்பே, ஒச்சாண்டி வந்தான். கட்டடம் இறங்கப் பார்த்தது, முனகியது, ஓட்டுக்கூரையிலிருந்து தூசி கொட்டியது, முடியவில்லை.

மூட்டை தூக்குகிற நான்கு பேர் ஓடிவந்து, தூக்கிவிடுகிறோம் என்றார்கள். ஒச்சாண்டி தலையை ஆட்டினான். “வேணாம்ணே. தூக்கி வச்சா நான் மூட்டை. நானா உள்ள போனாத்தான் வேலையாளு.” அதற்குள் செய்தி கேட்டு சுருளியாண்டி வந்துவிட்டார். “போதும் மாப்ள, ஊரு சிரிக்கப் போகுது. வீட்டுக்குப் போவோம் வா” என்று கையைப் பிடித்தார். வீடு என்றால் அந்தப் பாய்தான் என்று ஒச்சாண்டிக்குத் தெரியும். அவன் அசையவில்லை.

அப்போது மொக்கம்மாள் சுளகைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து தெருவிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உள்ள ஒரே புழுக்கம் மேஸ்திரி. நாங்க இங்கனயே பொறுக்குறோம்” என்றாள். அடுத்தவள் வந்தாள். பிறகு முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள். தெரு முழுக்க ஏலக்காய் மணம். மதுரை ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. காயோ உள்ளே மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

சங்கரலிங்கம் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் கால் ஓய்ந்து, ஒச்சாண்டிக்கு எதிரே புழுதியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து நிமிர்ந்தபோது, இருபது வருஷமாக ஏறி இறங்கிய அந்த வாசலை முதல்முறையாகக் கீழேயிருந்து பார்த்தார். அது சுருளி மலைபோல் இருந்தது. “இம்புட்டு உசரமாடா?” என்று கேட்டார். “ஆமாண்ணே” என்றான் ஒச்சாண்டி. ஒருவரை ஒருவர் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசினால் கடவுள் மற்றதைப் பார்த்துக்கொள்கிறார். சங்கரலிங்கம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, “கடப்பாரையக் கொண்டாங்கலே!” என்றார்.

பெண்கள் கல் உருட்டினார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். சுருளியாண்டிகூட ஒரு கை கொடுத்தார். கடைசிக் கல் விலகியதும், கிட்டங்கி வந்த வேகத்தில் தேவைக்கு மேலேயே ஒரு சாண் இறங்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டதுபோல் சரிசெய்துகொண்டது. தெருவே கூவியது. ஒச்சாண்டி தன் கைகளை ஊன்றி உள்ளே போனான். ரயில் ஊதும்போது கடைசி மூட்டையும் ஏறியிருந்தது. அன்று அவன் பொறுக்கியது நான்கே கால் சுளகு.

அந்தச் சித்திரையில் அவன் வீரபாண்டிக்குப் போனான். சுருளியாண்டியோடு சேர்ந்து ராட்டினம் சுற்றி, அக்காளுக்கு வளையல் வாங்கி வந்தான். மறு வருஷம் போடிப் புதூரிலிருந்து கண் தெரியாத கருத்தம்மாள் வேலை கேட்டு வந்தாள். ஞானபாக்கியம் அம்மாள் அதே கேள்வியைக் கேட்டார். வாசலிலிருந்து தன் இடம்வரை ஒரு கயிறு கட்டினால் போதும் என்றாள். மறுநாள் விடிவதற்குள் அந்தக் கயிறு வளர்ந்து அவள் வீட்டு வாசலுக்கே போயிருந்தது. வழியில் ஒருவரும் அதில் துணி காயப்போடவில்லை. 1942இல் யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபோது, அப்படி வந்தவர்கள் பதினொரு பேர் ஆகியிருந்தார்கள். ஒச்சாண்டி தரம் பார்த்துக் குறி போட்ட மூட்டையை விருதுநகர் வியாபாரிகள் பிரித்துப் பார்ப்பதில்லை.

இப்போதெல்லாம் போடியில் தபாலாபீஸ் இறங்குகிறது, மாதாகோயில் இறங்குகிறது, இரண்டு ஜவுளிக்கடைகளும் இறங்குகின்றன. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரை அழைத்தால், அவர் நூல் பிடிப்பதற்கு முன்னால், இங்கே யார் யாரெல்லாம் வருவாக என்று கேட்டுக்கொள்கிறார்.